நாலாம் பக்கத்துப் பிழை

அப்துல் முத்தலிப் நாகூரிலிருந்து சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்தது மாமாவின் துணிக்கடையில் நிற்பதற்காக. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் இருந்த அந்தக் கடையில் இரண்டு வருஷம் நின்றான். வாங்க வந்தவர் கொஞ்சம் முகம் சுளித்தாலே போதும், விலையைத் தானாகவே இறக்கிவிடுவான். யாருடைய கோபத்தையும் எதிரே நின்று தாங்க அவனால் முடியாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். "நீ நல்லவன்தான், ஆனா யாவாரத்துக்கு ஆவ மாட்டே" என்று மாமா ஒருநாள் சொல்லிவிட்டார். படிக்கவும் எழுதவும் தெரிந்தவன் என்பதால், சிராங்கூன் ரோட்டில் முகைதீன் ராவுத்தர் நடத்திவந்த அச்சுக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அது 1905ஆம் வருஷம். அவனுக்கு அப்போது இருபத்து நாலு வயது.

மாட்டுக் கொட்டில்களை ஒட்டிய சந்தில், ஓட்டுக் கூரை போட்ட நீளமான ஒரு கூடம் அது. வெளியே சாணி வாசம், உள்ளே மை வாசம். திங்கட்கிழமைதோறும் நாலு பக்கத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகை அங்கிருந்து வெளிவந்தது. மற்ற நாட்களில் கல்யாணப் பத்திரிகை, கடை நோட்டீஸ், மௌலூது ஓதுகிற பாட்டுக் கிதாபு என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும்.

அவன் சேர்ந்த அதே வாரம் இன்னொருவனும் சேர்ந்தான். மருதப்பன் என்று பெயர், மன்னார்குடிப் பக்கத்துக்காரன். ஜோகூர்த் தோட்டம் ஒன்றில் கூலிகளுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தவன், அங்கே குளிர்காய்ச்சல் பிடித்து உடம்பு கெட்டு, நகரத்துக்கு வந்துவிட்டான். இருவருக்கும் ஒரே வயது. எழுத்துக் கோக்கிற வேலையைக் கற்றுத்தர வேண்டிய ஆள் நாலே நாளில் பினாங்குக்குக் கிளம்பிப் போய்விட்டார். ராவுத்தருக்குப் பிழை பார்க்கத் தெரியும், கோக்கத் தெரியாது. ஆகவே ஒன்றும் தெரியாத இருவர், ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

சாய்ந்த பெரிய மரத்தட்டு ஒன்று, அதில் நூற்றைம்பதுக்கும் மேல் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் ஒரே எழுத்தின் ஈய அச்சுகள். க ஒரு இடத்தில், கி வேறு இடத்தில், கு இன்னோர் இடத்தில். தும்பிக்கை வைத்த லையும் னையும் மேல் மூலையில். எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து, இடது கையில் பிடித்த இரும்புச் சட்டத்தில் வரிவரியாக அடுக்க வேண்டும். அந்தச் சட்டத்துக்கு ஸ்டிக் என்று பெயர். அதில் எழுத்தெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி மாறித்தான் இருக்கும், அதையும் தலைகீழாக வைத்துப் படிக்க வேண்டும். முதல் மாதம் முழுக்க இருவருக்கும் தலைவலி. அரைப் பக்கம் கோக்க ஒரு பகல் போய்விடும். கோத்ததைத் தூக்கும்போது நடுவில் நழுவி, ஈயமெல்லாம் தரையில் கொட்டிவிடும். இருவரும் குனிந்து பொறுக்குவார்கள்.

"இதுக்குத் தோட்டத்துக் கொசுவே மேல்" என்பான் மருதப்பன். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொல்வான்.

மூன்றாம் மாதத்தில் கண் பழகியது. ஆறாம் மாதத்தில் கையும் பழகியது, முத்தலிபுக்கு. தட்டைப் பார்க்காமலே அவன் விரல் போய்ச் சரியான அறையில் விழும். 'சிங்கப்பூர்' என்ற சொல்லை மூச்சு விடுவதற்குள் அடுக்கிவிடுவான். மருதப்பனுக்கு அந்த வேகம் வரவில்லை. ஒவ்வோர் எழுத்தையும் உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே எடுப்பான். வரி முடிந்ததும் கட்டைவிரலை அதன் மேல் ஓட்டி, முதலிலிருந்து ஒருமுறை படிப்பான். பிறகுதான் அடுத்த வரி. "என்ன மருது, பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி தடவிக்கிட்டே நிக்கிற?" என்று முத்தலிப் கேலி செய்வான். ராவுத்தருக்கும் அந்த நாளில் முத்தலிபின் மேல்தான் பிரியம்.

ஒன்றரை வருஷம் கழிந்தபோது நிலைமை மெல்ல மாறியது. மருதப்பனின் கையும் வேகம் பிடித்தது. முத்தலிபின் வேகம் இல்லைதான், ஆனால் அவன் கோத்த பக்கத்தில் பிழையே இருக்காது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விடுகிற இடம் ஒரே அளவாக இருக்கும், பக்கம் பார்க்கக் கோலம் போட்ட வாசல் மாதிரி இருக்கும். பிழை பார்க்க எடுக்கிற புரூஃபில், முத்தலிபுடையதில் ராவுத்தரின் சிவப்பு மை எட்டு இடத்தில் விழுந்தால் மருதப்பனுடையதில் ஒன்று விழும், சில வாரம் அதுவும் விழாது. மலாக்காவிலிருந்து வந்த ஒரு வியாபாரியிடம் ராவுத்தர் நாலாம் பக்கத்தை விரித்துக் காட்டி, "இது நம்ம மருதப்பன் கை" என்று சொன்னதை முத்தலிப் கேட்டுக்கொண்டிருந்தான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. நண்பன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. தனக்கு முன்னே ஒருவன் போய்விட்டான், தான் ஓடிக்கொண்டிருந்தபோதே போய்விட்டான் என்பதுதான் உறுத்தியது.

1907ஆம் வருஷம் பங்குனியில் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

மருதப்பனுக்கு மறுபடியும் குளிர்காய்ச்சல். ஆனாலும் வந்திருந்தான். நாலாம் பக்கம் அவன் பொறுப்பு. அறிவிப்புகளில் பதினாலு வரி கோத்தான், அதற்குமேல் நிற்க முடியாமல் காகிதக் கட்டுகளின் மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டான். பற்கள் கிடுகிடுவென அடித்தன. புரூஃப் எடுத்து, ராவுத்தர் பார்த்துத் திருத்தி, மதிய லுஹர் தொழுகைக்குப் புறப்பட்டுப் போன பிறகு, கப்பல் ஏஜெண்டின் ஆள் ரவூப் வேர்க்க விறுவிறுக்க வந்தான்.

"நாகப்பட்டணக் கப்பல் அறிவிப்ப மாத்தணும். இந்தச் சீட்டுல இருக்கிறபடி போட்டுடுங்க. கண்டிப்பா இந்த வாரமே வரணும்."

மருதப்பன் எழுந்திருக்கப் பார்த்தான். "நீ படு. மூணு நிமிஷ வேல" என்றான் முத்தலிப். பழைய அறிவிப்பை உருவி எறிந்துவிட்டுப் புதிதாகக் கோத்தான். சீட்டைத் தட்டின் ஓரத்தில் வைத்து ஒரு பார்வை பார்த்தான். விரல்கள் பறந்தன. உண்மையிலேயே மூன்று நிமிஷம்தான் ஆனது. மருதப்பன் பார்க்கிறானா என்று திரும்பிக்கூடப் பார்த்தான். அவன் கண்ணை மூடிக்கிடந்தான். முத்தலிப் கோத்ததைப் படித்துப் பார்க்காமல் பக்கத்தை இறுக்கி, இயந்திரத்துக்குத் தள்ளிவிட்டான்.

நாகப்பட்டணக் கப்பல் வழக்கமாகப் புறப்படுவது வியாழக்கிழமை. அந்த ஒருமுறை மட்டும் புதன்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். சீட்டு வந்ததே அதற்காகத்தான். முத்தலிபின் கண் புதன் என்பதைப் பார்த்தது. கையோ இரண்டு வருஷமாகக் கோத்த சொல்லையே கோத்தது.

வியாழக்கிழமை காலை மூட்டை முடிச்சோடு ஜான்ஸ்டன் துறைக்குப் போன பதினோரு பேர், கப்பல் முந்தின நாளே போய்விட்டது என்று தெரிந்து, நேரே அச்சுக்கூடத்துக்கு வந்தார்கள். சந்து முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றார்கள். சிலர் சத்தம் போட்டார்கள். எருமைக் கொட்டில் பக்கம் பால் விற்கிற தங்கம் சத்தம் போடவில்லை. தலையிலிருந்த துணி மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள்.

"எனக்குப் படிக்கத் தெரியாது லா. பக்கத்து வூட்டுத் தம்பி படிச்சுச் சொன்னுச்சு, வியாழன்னு. வர்ற இருவதாந் தேதி எம் மவளுக்குக் கல்யாணம். அடுத்த கப்பல் ரெண்டு வாரம் கழிச்சுத்தான். நான் போய் எறங்குறதுக்குள்ள அவ புருசன் வூட்டுக்குப் போயிருப்பா." இதைச் சொல்லிவிட்டு அவள் யாரையும் பார்க்காமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

ராவுத்தர் சீட்டைத் தேடி எடுத்தார். புதன்கிழமை என்று தெளிவாக எழுதியிருந்தது. அவர் முகம் கறுத்துப்போயிற்று.

"நாலாம் பக்கம் யாரு?"

"நாந்தான் மொதலாளி" என்றான் மருதப்பன். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நெற்றியைச் சுருக்கி யோசித்தான். முத்தலிபின் பக்கம் திரும்பி, நண்பனிடம் கேட்கிற சாதாரணக் குரலில் கேட்டான்: "ரவூப்பு வந்தது நெனப்பிருக்கு. அப்புறம் ஒண்ணும் தெரியல. நான் எந்திரிச்சுக் கோத்தேனா, நீ கோத்தியா?"

வாசலில் பதினோரு பேர். எதிரே ராவுத்தர். தரையில் அந்தப் பெண்.

"எனக்கு நெனப்பில்லியே" என்றான் முத்தலிப்.

ஈய எழுத்துகளை அச்சடித்த அன்றே பிரித்து அறைகளில் போட்டாகிவிட்டது. யார் கை என்று சொல்ல எந்தத் தடயமும் இல்லை.

"அப்ப எங் கைதான் தப்பியிருக்கும்" என்றான் மருதப்பன்.

ராவுத்தர் அவனை வேலையை விட்டு அனுப்பவில்லை. கடுமையாக ஏசினார், அவ்வளவுதான். அது அதோடு போயிருந்தால் முத்தலிப் காலப்போக்கில் மறந்துகூடப் போயிருப்பான். ஆனால் மருதப்பன் தன்னையே நம்பாமல் போய்விட்டான். ஒரு வரியை நாலு முறை, ஐந்து முறை படித்தான். படித்து முடித்து ஸ்டிக்கை வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்துப் படித்தான். ஒரு பத்திக்கு ஒரு பகல் ஆயிற்று. முதல் மாதத்தைவிட மோசம். "நானே கோத்துட்டு, கோத்ததே தெரியாம இருந்திருக்கேன் பாரு. இன்னும் என்னென்ன கோத்துவச்சிருக்கேனோ" என்று ஒருநாள் முத்தலிபிடம் சொன்னான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூடத்தில் அவர்கள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். முத்தலிப் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து போய்விட்டான்.

மூன்றாவது வாரம் மருதப்பன், "இந்த வேல எனக்கு வராது மொதலாளி" என்று சொல்லிவிட்டுத் தஞ்சோங் பகார் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான்.

அவன் போன நாளிலிருந்து முத்தலிப் வேகத்தை விட்டான். விட்டான் என்பதைவிட, வேகமாகக் கோக்கப் பயந்தான். ஒவ்வோர் எழுத்தையும் முணுமுணுத்து எடுத்தான். வரி முடிந்ததும் கட்டைவிரலை ஓட்டிப் படித்தான். பெயர், தேதி, கிழமை வந்தால் மூலச் சீட்டோடு மூன்று முறை ஒத்துப் பார்த்தான். இரண்டு வருஷத்தில் அவன் பக்கங்களில் சிவப்பு மை விழுவது நின்றது. நாலு வருஷத்தில் பினாங்கிலிருந்தும் மலாக்காவிலிருந்தும், "முத்தலிப் கோத்தால் அனுப்புகிறோம்" என்று வேலை வந்தது. "பொறுமைன்னா இவன்தான்" என்று ராவுத்தர் வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அது மருதப்பனின் முறை, மருதப்பனின் விரல் என்பது முத்தலிபுக்கு மட்டும் தெரியும். புகழ்கிறவர் எதிரே நிற்க முடியாமல் தலையைக் குனிந்துகொள்வான். அடக்கம் என்று அதற்கும் பாராட்டு.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் நடக்கிற பயான் சொற்பொழிவில் அப்துல் அலீம் ஹஜ்ரத் ஒருமுறை சொன்னார், அல்லாவுக்குச் செய்த குற்றத்தை அல்லா மன்னிப்பான், மனிதனுக்குச் செய்த குற்றத்தை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்று. முத்தலிப் அதன்பிறகு சில வாரம் வேறு பள்ளிவாசலுக்குத் தொழப் போனான்.

1913இல், காதர் மைதீன் என்றொருவர் வேலை கற்கச் சேர்ந்திருந்தார். முப்பது வயதுக்காரர், முன்பு மளிகைக் கடையில் நின்றவர். அவருக்கு வேலை பிடிபடத் தொடங்கிய எட்டாம் மாதத்தில், ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயரை மாற்றிக் கோத்துவிட்டார். கதீஜா என்றிருக்க வேண்டிய இடத்தில் மைமூன். முந்நூறு பிரதி அடித்தாகிவிட்டது. பெண் வீட்டார் கொதித்துக்கொண்டு வந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே காதர் மைதீன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"நாந்தாங்க தப்பாக் கோத்தேன். போன வாரம் மைமூன் கல்யாணத்துக்குக் கோத்த கை, அப்படியே போயிருச்சு."

ராவுத்தர் கத்தினார். பெண்ணின் தகப்பனாரும் கத்தினார். பிறகு புதிதாகக் கோத்து, புதிதாக அடித்து, மாலை அஸர் தொழுகைக்கு முன் கொடுத்துவிட்டார்கள். காதர் மைதீனும் ராவுத்தரும் வாசலில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவ்வளவுதானா? முத்தலிப் தன் தட்டின் முன்னால் அசையாமல் நின்றான். இதற்குப் பயந்தா ஒரு மனிதனைப் பலி கொடுத்தேன்?

அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி ஜரீனாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஊரிலிருந்து வந்து நாலு வருஷமாக அவனோடு குடித்தனம் நடத்துபவள், இதில் ஒரு வார்த்தையும் அவளுக்குத் தெரியாது. முறத்திலிருந்த அரிசியை ஒதுக்கி வைத்துவிட்டு முழுதும் கேட்டாள்.

"எங்கிட்ட சொல்லி என்னாவப் போவுது? அவர்ட்ட போய்ச் சொல்லுங்க" என்றாள். முறத்தை மறுபடி மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "கோவப்படுவாரு. படட்டும். நின்னு கேட்டுட்டு வாங்க" என்றாள்.

மறுநாள் டிராம் பிடித்துத் தஞ்சோங் பகாருக்குப் போனான். மதியச் சோற்று நேரம். சரக்குக் கிட்டங்கியின் நிழலில் மருதப்பன் உட்கார்ந்திருந்தான். தோள் அகன்று, முகம் கறுத்து, ஆள் மாறியிருந்தான். முத்தலிபைப் பார்த்ததும் வாய் நிறையச் சிரித்தான். "வா வா! பெரிய ஆளு ஆயிட்டேன்னு கேள்விப்பட்டேன்" என்று இடம் கொடுத்தான். அதற்குள் யாரோ மேஸ்திரி கூப்பிட்டு மூட்டையின் குறியைக் கேட்க, மருதப்பன் எழுந்து போய் மூட்டையைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவனைத் தொட்டு, "நீயும் ஒருதரம் பாத்துச் சொல்லு" என்றான். திரும்பி வந்தபோது முத்தலிபின் முகத்தைக் கவனித்து, "ஆமாம்பா, எனக்கு எழுத்து ஆவறதில்ல. ஊர்லேர்ந்து காயிதம் வந்தாக்கூட வேற ஆளத்தான் படிக்கச் சொல்றது" என்றான்.

முத்தலிபால் உட்கார முடியவில்லை. நின்றபடியே சொன்னான்.

"மருது, அந்தக் கப்பல் அறிவிப்பக் கோத்தது நான். நீ படுத்திருந்தே. வியாழன்னு கோத்தது நான். அன்னைக்கு நீ கேட்டப்ப எனக்கு நல்லா நெனப்பிருந்துச்சு."

மருதப்பன் சோற்றுப் பொட்டலத்தை மடித்துக் கீழே வைத்தான்.

"நான் எத்தன வரி கோத்திருந்தேன்?" என்று கேட்டான்.

"பதினாலு."

"அதுல தப்பு இருந்துச்சா?"

"ஒண்ணுகூட இல்ல."

"காச்சலோட கோத்தது."

"ஆமா."

மருதப்பன் எழுந்தான். அவன் கையை ஓங்கினானோ என்று முத்தலிபுக்குத் தோன்றியது, நகராமல் நின்றான். அடி விழவில்லை. "ஆறு வருஷம்டா" என்றான் மருதப்பன். குரல் உடைந்திருந்தது. "வேல போனா போவுது, எங்க போனாலும் சோறு உண்டு. எங் கண்ண நான் நம்பல. எங் கைய நான் நம்பல. வேளாவேளைக்கு எனக்கே நான் சந்தேகப்பட்டுச் செத்தேன். நீ என்னன்னா நெனப்பில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டே. போ. எம் முன்னால நிக்காத."

"மருது..."

"போன்னு சொன்னேன்."

மன்னிப்பு கேட்பதற்காக முத்தலிப் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த சொற்களைச் சொல்லவே இடம் கிடைக்கவில்லை. டிராமுக்கு நிற்காமல் வெயிலில் நடந்தே திரும்பினான். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தான். இறங்கவில்லை. இத்தனை நாள் தான் சுமந்தது பாதிதான் என்று இப்போது தெரிந்தது.

அச்சுக்கூடத்துக்குப் போய் ராவுத்தரிடமும் சொன்னான். அவருக்கு அப்போது அறுபது வயது தாண்டியிருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தப் புள்ளயப் போயி ஏசினேனே" என்றார் முதலில்.

"நான் வேலைய விட்டுடறேன் மொதலாளி."

"விட்டா? நீ போறதுனால அவனுக்கு என்ன கெடைக்கும்?" என்று சீறினார். "ஊரறிய நடந்தது. ஊரறியப் போடு."

அடுத்த திங்கட்கிழமைப் பத்திரிகையின் நாலாம் பக்கத்தில் ஆறு வரி இப்படி வந்தது: 1907ஆம் வருஷம் பங்குனியில் நாகப்பட்டணக் கப்பல் புறப்படும் நாளைத் தவறாகக் கோத்தவன் அப்துல் முத்தலிப் ஆகிய நானே. அதற்காகப் பழி சுமந்த மருதப்பன் கோத்த வரிகளில் பிழை ஏதும் இருக்கவில்லை. இதைக் கேட்டபோது மறைத்ததும் நானே. அதை முத்தலிபே கோத்தான். ஆறு வரிக்கு ஒரு பகல் முழுக்கப் பிடித்தது. பத்திரிகை வந்த அன்று மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் மாமா அவனைப் பார்த்தும் பார்க்காததுபோலப் போனார். பினாங்கு வாடிக்கையாளர் ஒருவர் தன் வேலையை வேறு இடத்துக்குக் கொடுத்துவிட்டார். தங்கத்தைத் தேடி எருமைக் கொட்டில் பக்கம் போனான். அவள் எப்போதோ ஊருக்குப் போய்விட்டாள், திரும்பி வரவில்லை என்றார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு முற்பகலில் மருதப்பன் அச்சுக்கூடத்துக்குள் வந்தான். முத்தலிப் பக்கம் பார்க்கவில்லை. நேரே ராவுத்தரிடம் போய், மறுபடி கோத்துப் பார்க்கிறேன் என்றான். ராவுத்தர் தலையை ஆட்டி, ஜன்னலோரத் தட்டைக் காட்டினார். மருதப்பன் ஸ்டிக்கை எடுத்துக் கையில் பிடித்தான். மூட்டை தூக்கித் தடித்துப்போன விரல்களுக்கு ஈய எழுத்து அகப்படவில்லை, நழுவி நழுவி விழுந்தது. லை எங்கே இருக்கிறது என்று தேடினான். முதல் மாதத்துக்காரன் மாதிரி உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். மதியம் வரை நாலு வரி கோத்தான்.

அதைப் புரூஃப் எடுக்க வேண்டியவன் முத்தலிப். ஈரக் காகிதத்தைத் தூக்கிப் பார்த்தான். மூன்றாவது வரியில் ண இருக்க வேண்டிய இடத்தில் ன. யாரும் பார்க்கவில்லை. ஒரு விநாடியில் அந்த எழுத்தை உருவி மாற்றிவிடலாம், மருதப்பனுக்குத் தெரியவே தெரியாது, பிழையில்லாமல் கோத்தேன் என்று நினைத்துக்கொள்வான். முத்தலிபின் கை எழுத்தை நோக்கிப் போயேவிட்டது. சட்டென்று இழுத்துக்கொண்டான். இன்னொருவன் கோத்ததைப் பற்றி அவனுக்குத் தெரியாமல் தான் முடிவு செய்வது, மறுபடியுமா?

புரூஃபை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனான்.

"மூணாவது வரி. ண" என்றான்.

மருதப்பன் காகிதத்தை வாங்கி, கட்டைவிரலை வரியின் மேல் மெல்ல ஓட்டினான். விரல் பிழையின் மேல் நின்றது. "சரிதான்" என்றான், முத்தலிபை நிமிர்ந்து பார்க்காமலே. ன-வை எடுத்து அதன் அறையில் போட்டுவிட்டு, ண-வைத் தேடத் தொடங்கினான். முத்தலிப் அந்த அறையைக் காட்டவில்லை. அவனே தேடிக் கண்டுபிடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்துவிட்டு, தன் தட்டுக்குத் திரும்பினான்.